நாவலும் சத்தியக் கடதாசியும்

ஈழத்துத் தமிழ் நாவலுக்கு வாசகர் இல்லை என்று குறைகூறுவோர் உளர். அக்கூற்று முற்றும் உண்மையன்று. வாசகர் உளர், ஆயின் அவருட் பெரும்பாலார் நீதவானின் ஆசனத்தில் அமர்ந்துகொண்டே நாவலைக் கையில் எடுக்கின்றனர். எழுதியவர் எந்தப் பக்கத்தவர்? எழுதியதைத் தம் கண்ணாற் கண்டாரா? கண்டவராயின் எதனை மறைத்தார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்த மாத்திரத்தே விசாரணை முடிந்துவிடுகின்றது, தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகின்றது. நூல் மாத்திரம் படிக்கப்படாமற் கிடக்கின்றது.

2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்த பின்னர், அப்போரையும் அதன் முன்பின்னையும் பொருளாகக் கொண்டு வெளிவந்த நாவல்கள் பல. அவற்றுட் சிலவற்றையும், அவற்றுக்கு முன்னோடியாக அமைந்த ஒன்றையும் அண்மையில் அடுத்தடுத்துப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. படித்தபின் அவை பற்றி எழுதப்பட்டவற்றையும் பேசப்பட்டவற்றையும் தேடிப் பார்த்தேன். நாவல்கள் தந்த வியப்பினும் அவற்றைப் பற்றிய பேச்சுத் தந்த சலிப்பே பெரிது. இக்கட்டுரை அச்சலிப்பின் விளைவு. இதிற் கூறப்படும் அபிப்பிராயங்கள் என்னுடையவை. இவற்றை மறுக்க விரும்புவோர் நாவல்களைப் படித்துவிட்டு மறுப்பாராயின், அதுவே இக்கட்டுரை பெறும் பெரும்பேறாகும்.

எமது நூல் வெளியீட்டு விழாக்களில் ஒரு நாவலுக்கு வழங்கப்படும் அதியுயர் பட்டம் ‘ஆவணம்’ என்பதாகும். ‘இது வெறும் நாவலன்று, ஒரு காலத்தின் ஆவணம்’ என்று பேச்சாளர் முழங்குவார், சபையோர் கைதட்டுவர், நூலாசிரியரும் அகமகிழ்ந்து தலையசைப்பார். நாதஸ்வர வித்துவான் ஒருவரை மேடைக்கு அழைத்து, அவருடைய மூச்சின் பலத்துக்காகப் பொன்னாடை போர்த்துவதை ஒத்தது இது. மூச்சின்றி நாதஸ்வரம் இல்லை என்பது மெய். ஆயின் நாம் கேட்க வந்தது இராகத்தையன்றோ? ‘வெறும் நாவல்’ என்னும் அத்தொடரிலேயே, நாவல் என்னும் கலைவடிவத்தின்மீது எமக்குள்ள இளக்காரம் வெளிப்பட்டுவிடுகின்றது.

புகழ்ச்சி இவ்வாறாயின் இகழ்ச்சியும் அதே அளவுகோலைக் கொண்டே நிகழ்கின்றது. ‘இவர் அவ்விடத்தில் இருந்தவரல்லர்’, ‘அந்த முகாமில் அப்படி நடக்கவில்லை’, ‘அத்தாக்குதல் அந்த மாதத்தில் நிகழவில்லை’ என்பனவே எமது கண்டனங்கள். ஆவணம் எனப் போற்றுவோரும் பொய் எனத் தூற்றுவோரும் பகைவர்போலத் தோன்றினும் உண்மையில் ஒரே கட்சியினரே. இரு சாராரும் நாவலிடம் கேட்பது ஒன்றையே: சத்தியக் கடதாசி.

சத்தியக் கடதாசி எமது மக்களுக்குப் புதியதன்று. இடப்பெயர்விற் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவரும், காணி உறுதியைத் தொலைத்தவரும், அடையாள அட்டையைத் தொலைத்தவரும் சமாதான நீதவானைத் தேடிச் சென்று அதனை முடித்துள்ளனர். பிள்ளையைத் தொலைத்தவர்கள், 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முதலாகப் பல விசாரணையாளர் முன்னிலையில் தம் வாக்குமூலத்தைத் திரும்பத் திரும்ப அளித்துள்ளனர். அவ்வாக்குமூலங்களின் அருமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவை பாதுகாக்கப்படல் வேண்டும். அவற்றுக்குப் பதில் அளிக்கப்படல் வேண்டும். நான் வற்புறுத்துவது, நாவல் அக்கடதாசியன்று என்பதையே. சத்தியக் கடதாசி, ‘நடந்தது இது’ என ஆணையிட்டுக் கூறுகின்றது. நாவலோ, ‘நடந்தவற்றுள் மனிதர் எவ்வாறு இருந்தனர்?’ என வினவுகின்றது. முன்னதிற் புனைவு கலப்பின் அது செல்லாது. பின்னதிற் புனைவு இல்லையேல் அது நாவலே ஆகாது.

எமது நாவல் வரலாற்றைச் சற்றே திரும்பி நோக்குவார்க்கு இது தெளிவாகும். 1885 இல் வெளிவந்த ‘அசன்பேயுடைய சரித்திரம்’ ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலாகக் கொள்ளப்படுவது. அதனை இயற்றிய சித்திலெவ்வை கண்டியைச் சேர்ந்தவர். கதையோ எகிப்திலும் இந்தியாவிலுமாக விரிவது. 1895 இல் வெளிவந்த ‘மோகனாங்கி’யின் ஆசிரியர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையைச் சேர்ந்தவர். கதையோ நாயக்கர் காலத் தமிழகத்தில் நிகழ்வது. நாயக்கர் காலத்தில் தாம் வாழ்ந்தமைக்கான அத்தாட்சி எதனையும் அவர் நூலோடு இணைத்தாரல்லர். இவை கலைநயத்திற் சிறந்த நாவல்களா என்பது வேறு விடயம். எம் முன்னோர் இவ்வடிவத்தைக் கைக்கொண்டபோது, தாம் காணாததைக் காண்பதற்குரிய கருவியாகவே கைக்கொண்டனர் என்பதே இங்கு கருதத்தக்கது.

பின்வந்த முற்போக்கு விமர்சகர்கள் நாவலாசிரியனை நோக்கிக் கடுமையான வினாக்களைத் தொடுத்தனர். பேராசிரியர் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968 இல் வெளிவந்தது. நாவலின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் சமுதாய மாற்றத்தோடு இணைத்து நோக்கிய அந்நூலாசிரியரின் முடிபுகளை எல்லோரும் ஏற்றனரல்லர். எஸ். பொன்னுத்துரை முற்போக்கு அணியினின்றும் விலகி ‘நற்போக்கு’ எனக் கொடி பிடித்தார். மு. தளையசிங்கம் ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யில் வேறொரு தளத்தில் நின்று வாதிட்டார். அவர்தம் சண்டைகளில் வசையும் இருந்தது. ஆயின் வசைக்குப் பின்னால் ஒரு கோட்பாடும் இருந்தது. வர்க்கம் என்றனர், யதார்த்தம் என்றனர், உருவம் என்றனர், ஆன்மிகம் என்றனர். நாமோ அவர்களிடமிருந்து ‘எந்தப் பக்கம்?’ என்னும் வினாவை மட்டும் சுவீகரித்துக்கொண்டு கோட்பாட்டைக் கைவிட்டோம். எமக்கு எஞ்சியிருப்பது சந்தேகம் ஒன்றே. சந்தேகம் பொலிசாருக்கு உதவலாம், விமர்சகனுக்கு உதவாது.

இனி நாவல்களுக்கு வருவோம். 2001 இல் வெளிவந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ போர் முடியுமுன் எழுதப்பட்டதெனினும், இவ்விவாதத்துக்கு அதுவே திறவுகோல் என்பது என் துணிபு. பிரான்சிலே தஞ்சம் கோரும் ஒருவனின் விண்ணப்பத்தோடு அந்நாவல் தொடங்குகின்றது. அடிக்குறிப்புகளும் உண்டு. இவ்வாறு ஆவணத்துக்குரிய அணிகலன்களையெல்லாம் பூட்டிக்கொண்டு புறப்படும் நாவல் மெல்ல மெல்ல எமக்கு உணர்த்துவது யாது? அதிகாரி ஒருவரின் நம்பிக்கையைப் பெறுவதற்காக எழுதப்படும் வாக்குமூலத்துள் ஒரு மனிதனின் வாழ்வு அடங்குவதில்லை என்பதையே. குடும்பத்தின் அவமானங்களும் ஊரின் பகிடிகளும் பட்டப்பெயர்களும் அவ்விண்ணப்பத்தில் இடம்பெறா. நாவல் அவற்றையே தேடிச் செல்கின்றது. ‘கொரில்லா’வைப் படித்து முடித்துவிட்டு ‘இதெல்லாம் உண்மையா?’ என்று கேட்பவர், அகதி அலுவலகத்து அதிகாரியின் கதிரையில் தாம் அமர்ந்திருப்பதை அறியாதவராவர்.

அதே ஆசிரியரின் ‘இச்சா’ 2019 இல் வெளிவந்தது. தற்கொலைப் போராளியாக ஆயத்தஞ்செய்யப்பட்டுச் சிறைப்பட்ட ஆலா என்னும் கிழக்கிலங்கைப் பெண்ணின் கதை அது. சிறையின் ஒடுங்கிய வெளியும், அதற்குள்ளிருந்து அவள் நினைவுகூரும் கிராமத்தின் விரிந்த வெளியும் ஒன்றையொன்று எதிரொளிப்பது அந்நாவலின் வெற்றி. அதன் குறையும் எனக்குப் புலப்படாமலில்லை. ஆலாவின் குரலினூடே ஆசிரியரின் எள்ளற் குரல் சில இடங்களில் எட்டிப் பார்க்கின்றது. அவள் தன் துயரத்தைத் தானே கேலி செய்யும்போது, கேலி செய்பவள் அவள்தானா என்னும் ஐயம் எழுகின்றது. இதுவன்றோ நாம் விவாதிக்க வேண்டியது? நான் தேடிப் படித்த அளவில், ஆலா விசாரிக்கப்பட்டதிலும் ஆசிரியரின் அரசியலே மிகுதியாக விசாரிக்கப்பட்டது.

குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ 2014 இல் வெளிவந்தது. இயக்கத்தின் பயிற்சி முகாம் ஒன்றின் அன்றாடமே அதன் நிலைக்களம். களைப்பு, பசி, நித்திரை, தண்டனை, அவற்றுக்கிடையே முளைக்கும் நட்பு என உடம்பின் மொழியிலேயே கதை நகர்கின்றது. இலட்சியம் என்னும் பெருஞ்சொல், நித்திரையின்றி நிற்கும் ஒருவனின் கண்ணிமையில் எவ்வளவு பாரமாகத் தொங்குகின்றது என்பதை இத்துணை நுட்பமாகக் காட்டிய தமிழ்ப் பனுவல் வேறொன்றை நான் படித்ததில்லை. தத்துவ விசாரம் மேலோங்கும் பகுதிகளில் நடை தளர்கின்றது. சக போராளி ஒருவனின் வீட்டு வறுமை சொல்லப்படும் பகுதிகளில் அது நிமிர்ந்துவிடுகின்றது.

இவ்விரு ஆசிரியரையும் ஒருங்கு படிப்போர் எம்மிடையே மிகச் சிலர். ஷோபாசக்தியைப் போற்றுவோர் குணா கவியழகனை இயக்கத்தின் பிரசாரகர் என ஒதுக்குகின்றனர். குணா கவியழகனைப் போற்றுவோர் ஷோபாசக்தியைத் துரோகி எனத் தள்ளுகின்றனர். இருவரையும் படித்து இருவரையும் மெச்சுபவன் இரு தரப்பாராலும் சந்தேகிக்கப்படுகின்றான். ஆயின் ‘நஞ்சுண்டகாடு’ம் ‘கொரில்லா’வும் ஒன்றன் கேள்விக்கு மற்றொன்று பதில் சொல்லும் நூல்கள். இளைஞன் ஒருவன் ஏன் இயக்கத்துக்குப் போனான் என்பதை ஒன்றும், போனவன் எதனைச் சுமந்துகொண்டு வெளியேறினான் என்பதை மற்றொன்றும் பேசுகின்றன. பாதியைப் படித்தவர் முழுவதற்கும் தீர்ப்பு எழுதலாகாது.

‘ஆவணம்’ என்னும் பட்டம் நாவலாசிரியருக்கே விளைக்கும் கேட்டினைச் சயந்தனின் ‘ஆதிரை’யில் (2015) காணலாம். அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநாவல் அது. மலையகத்தினின்றும் பெயர்ந்து வன்னியிற் குடியேறிய குடும்பத்தையும் வன்னியின் பழங்குடிகளையும் ஒரே காட்டோரக் கிராமத்திற் கொண்டு சேர்த்தமை அதன் பெருஞ்சிறப்பு. போரில் மாண்டவர்களைப் பற்றிப் பேசும் நாம், அவர்களுட் பலர் முன்னரே ஒருமுறை வேரறுக்கப்பட்டு வந்தவர்கள் என்பதை மறந்துவிடுகின்றோம். ‘ஆதிரை’ அதனை மறக்கவில்லை. எனினும் எதனையும் விட்டுவிடலாகாது என்னும் பதற்றம் நாவலின் பிற்பகுதியைப் பற்றிக்கொள்கின்றது. பாத்திரங்கள் பெருகுகின்றன, சாவுகளும் பெருகுகின்றன. பத்தாவது சாவு முதலாவது சாவின் பாரத்தைப் பெறுவதில்லை. ஆவணத்துக்கு விடுபடல் குற்றம். நாவலுக்கோ விடுத்தலே கலை. எதை விடுவது என்று துணிய நாவலாசிரியரை நாம் விட்டோமா? ஒன்றை விட்டால் ‘மறைத்துவிட்டார்’ என்று கூவுவதற்கு நாமன்றோ காத்திருந்தோம்?

நேரடி அனுபவத்தின் வலிமையை நான் மறுக்கின்றேன் என யாரும் கருதலாகாது. தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ (2013) இறுதிப் போரினூடு பேரப்பிள்ளைகளோடு இடம்பெயரும் ஒரு மூதாட்டியின் அனுபவமாக அமைந்தது. அனுபவத்துக்கு மிக அணித்தாக நிற்கும் எழுத்து அது. ஆயினும் அது என்னை ஆட்கொண்டமைக்கு அதிலுள்ள தகவல்கள் காரணமல்ல. எறிகணைகளின் கீழும் அடுத்த வேளைக்கு எதனைச் சமைப்பது, எந்தப் பிள்ளைக்கு எதனைக் கொடுப்பது என்று கணக்கிடும் அம்மூதாட்டியின் பார்வையே காரணம். அத்தகவல்களை வேறொருவர் எழுதியிருப்பின் அறிக்கை கிடைத்திருக்கும், அப்பார்வை கிடைத்திராது.

ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ (2014) தவக்குல், யோகா, தெய்வானை என்னும் மூன்று பெண்களின் வாழ்வை இணைத்துக் கூறுவது. தமிழ்ப் பெண்ணின் காயத்தையும் முஸ்லிம் பெண்ணின் காயத்தையும் ஒரே நூலிற் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் துணிந்தமை சிறிய காரியமன்று. நாவலென்ற வகையில் அதில் எனக்கு நிறைவில்லை. தவக்குல் பேசும் இடங்கள் சிலவற்றிற் பாத்திரம் மறைந்து கருத்தரங்கு தொடங்கிவிடுகின்றது. ஆயின் இவ்வாறு கூறுவதற்கே நான் தயங்க வேண்டியுள்ளது. ஏனெனில் 2012 இல் அளித்த நேர்காணல் ஒன்றுக்காகக் கடும் எதிர்ப்பை எதிர்கொண்டவர் அவ்வாசிரியை. அவரை ஆதரிப்போர் நாவலைக் குறைகூறுவதைத் துரோகம் என்கின்றனர். எதிர்ப்போர் நாவலைப் படிக்காமலே குறைகூறுகின்றனர். இவ்விரு கூச்சல்களுக்குமிடையே ‘உம்மத்’ பெறவேண்டிய நேர்மையான வாசிப்பைப் பெறவில்லை. எழுத்தாளருக்கு நாம் அளிக்க வேண்டிய பாதுகாப்பு வேறு. எழுத்துக்கு அளிக்க வேண்டிய மதிப்பீடு வேறு.

இறுதியாக, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு நாவல். அனுக் அருட்பிரகாசத்தின் ‘தி ஸ்டோரி ஒஃப் எ பிறீஃப் மறியேஜ்’ 2016 இல் வெளிவந்தது. ஆசிரியர் கொழும்பில் வளர்ந்தவர். இறுதிப் போரின்போது வன்னியில் இருந்தவரல்லர். எறிகணை விழும் முகாமொன்றில், தினேஷ் என்னும் இளைஞனும் கங்கா என்னும் பெண்ணும் அவசரமாக மணமுடித்து வைக்கப்படும் ஒரு நாளின் கதை அது. மலங்கழித்தல், குளித்தல், உண்ணல், உறங்க முயலல் ஆகிய அற்பக் காரியங்களை அந்நாவல் அத்தனை நிதானமாக விவரிக்கின்றது. நாளை இருப்போமா என்றறியாத ஒருவனுக்கு இக்காரியங்களே வாழ்வின் எச்சம் என்பதை, உயிரிழப்பு எண்ணிக்கைகள் எமக்கு உணர்த்தமாட்டா. சில இடங்களிற் சிந்தனை நீண்டு கதையை நிறுத்திவிடுகின்றது என்பது மெய்யே. எனினும் அங்கிராத ஒருவர் அங்கிருந்தவரின் மூச்சருகே இத்துணை நெருங்க முடிந்ததெனில், அது கற்பனையின் வெற்றியன்றி வேறென்ன? இந்நாவலுக்கு எந்தச் சமாதான நீதவான் முத்திரை குத்துவார்?

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படும். அது வலிமையான தடை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் எரிக்கப்பட்ட நாடு இது. ஆவணங்களைக் காக்க வழியற்ற சமூகம் தன் நினைவை நாவலிலேனும் சேமித்து வைக்கக் கூடாதா என்று கேட்பர். சேமிக்கலாம். ஆயின் நாவலை ஆவணக் காப்பகத்தின் பதிலாளாக நியமிப்பதால் இரண்டுக்குமே கேடு விளையும். நாவலில் ஒரு தேதி பிழைத்தால், ‘பாருங்கள், எல்லாம் கட்டுக்கதை’ என்று நடந்த கொடுமையையே மறுப்போருக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுத்தவராவோம். மறுபுறம், கதைகளே எமக்குப் போதும் என்றிருப்போமாயின், பெயர், நாள், இடம் என்பவற்றைத் திரட்டிச் சரிபார்க்கும் கடும் உழைப்பை எவர் மேற்கொள்வார்? அவ்வுழைப்பு வரலாற்று மாணவருக்கும் சமூகவியல் மாணவருக்கும் உரியது. அதனை நாவலாசிரியரின் தலையிற் சுமத்திவிட்டு நாம் ஆறுதல் அடைவது சோம்பலேயன்றி இனப்பற்று அன்று.

இவை யாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்றுண்டு. இன்று பல்கலைக்கழகத்திற் பயிலும் எம்மவர், 2009 இற் பாலர் வகுப்பிலும் ஆரம்ப வகுப்பிலும் இருந்தவர்கள். சிலர் தாயின் இடுப்பில் இருந்தவர்கள். எம்மிடம் வாக்குமூலம் இல்லை. இருப்பின் அது ஒரு குழந்தையின் துண்டு நினைவு. நாவல் என்பது கண்டதைக் கண்டவாறு கூறும் சாட்சியமே எனக் கொள்ளின், எமது தலைமுறைக்கு அப்போரை எழுதும் உரிமை இல்லை என்பதே பெறப்படும். கண்டவர்கள் மறையும்போது இலக்கியமும் மறைந்துவிட வேண்டியதுதான்.

உரிமை இல்லை என்பதோடு அது நின்றுவிடவும் மாட்டாது. அட்டனிற் பிறந்தவள் முள்ளிவாய்க்காலை எழுதலாமா? 1990 ஒக்ரோபரில் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பமொன்றின் வீட்டுக் கதவை யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவன் தன் கற்பனையில் திறந்து பார்க்கலாமா? போரில் மகனைப் பறிகொடுத்த சிங்களச் சிப்பாயின் தாயைக் கிளிநொச்சியிற் பிறந்தவன் எழுதலாமா? சான்றிதழ் கேட்கும் விமர்சனம் இவை ஒவ்வொன்றுக்கும் ‘கூடாது’ என்றே விடை சொல்லும். ஒவ்வொருவரும் தத்தம் காயத்தை மாத்திரம் எழுதுக, தத்தம் காயத்தை மாத்திரம் படிக்குக என்பதே அதன் கட்டளை. இத்தீவில் எஞ்சியிருக்கும் வேலிகள் போதாவா? இலக்கியத்திலும் ஒரு வேலி அடைக்க வேண்டுமா?

மற்றவரைக் கற்பனை செய்தல் எளிய காரியமன்று, பிழையாகவும் செய்யப்படலாம். பிழை செய்தால் விமர்சகன் எழுந்து கேட்கட்டும்: ‘இத்தாய் ஏன் தாயைப்போலப் பேசவில்லை? இம்முகாமில் ஏன் வெயிலில்லை? இச்சாவு ஏன் எம்மைத் தொடவில்லை?’ இவை நாவலை நோக்கிய வினாக்கள். இவற்றுக்கு விடைகாண ஆசிரியரின் முகவரியும் இயக்கமும் மதமும் வேண்டா. நூலைத் திறத்தல் போதும். எந்தப் பக்கம் என்னும் வினாவையும் நான் முற்றாக விலக்கவில்லை. அது நூலைப் படித்து முடித்தபின், நூலினுள்ளேயே சான்று காட்டிக் கேட்கப்படல் வேண்டும்.

ஆதலால் மாணவ நண்பர்களிடமும், எமக்கு இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியப் பெருந்தகைகளிடமும் நான் வேண்டுவது இது: ஷோபாசக்தியையும் குணா கவியழகனையும் தமிழ்க்கவியையும் சயந்தனையும் ஸர்மிளா ஸெய்யித்தையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள். ஒருவரை அடிக்க மற்றவரைத் தடியாக எடுக்காதீர்கள். ‘ஆவணம்’ என்னும் சொல்லை ஓராண்டுக்கேனும் எமது விமர்சனத்தினின்றும் விலக்கி வைத்து, அச்சொல்லின்றி இந்நாவல்களைப் பற்றி எம்மால் என்ன பேச முடிகின்றது என்று பாருங்கள். எதுவும் பேச முடியவில்லையெனின், குறை நாவலில் இல்லை. பேச முடிந்ததெனின், ஈழத்து நாவல் விமர்சனம் விட்ட இடத்தினின்றும் மீண்டும் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம். அதன்பின் எழுதப்படும் நாவலை எவரிடமும் கையொப்பம் கேட்டு நிற்காமல் எமது தலைமுறை எழுதும்.